கூட வந்தவள்

“கூட வந்திருக்கா பாருங்க, அவளுக்குல்ல கம்பி போட்டிருக்கணும்?” என்று ஒரு பெண்குரல் சொன்னது. ரகசியமாகத்தான் சொன்னது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்வதற்குள் ஏ.சி.யின் இரைச்சலும் மீன்தொட்டி மோட்டாரும் ஒருசேர நின்றுபோன அந்த நொடியில் சொல்லாமல் இருந்திருந்தால், சாருமதியின் காதுக்கு அது வந்தே இருக்காது. அடுத்த நொடி ஏ.சி. மறுபடி இரைந்தது, தொட்டியில் குமிழிகள் கிளம்பின, பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் ரோஸ்லின் அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டாள். சாருமதி நிமிர்ந்து பார்க்கவில்லை. எதிர்வரிசையில் வீங்கிய கன்னத்தில் கைக்குட்டையை ஒத்திக்கொண்டு ஒருத்தியும், அவளுக்குத் துணையாக வளையல் நிறையப் போட்ட ஒருத்தியும் உட்கார்ந்திருந்தார்கள். சொன்னவள் வளையல்காரியாகத்தான் இருக்கும். கன்னம் வீங்கியவளால் ‘கம்பி’ என்று இவ்வளவு சுத்தமாகச் சொல்ல முடியாது. சாருமதி மேலுதட்டைக் கீழே இழுத்து முன்பற்களின்மேல் மூடினாள். எட்டாத போர்வையைக் காலுக்கு இழுப்பது போலத்தான் அது. இழுத்துப் பிடித்திருக்கும்வரை மூடும், கொஞ்சம் அசந்தால் ஏறிக்கொள்ளும். இழுத்து இழுத்து மூக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரு வலி நிரந்தரமாகக் குடியிருந்தது. அந்தத் தசைக்கு என்ன பேர் என்று தேடிப் பார்த்திருக்கிறாள். பாலிடெக்னிக்கில் நூலகர் வேலை, புத்தகத்துக்கா பஞ்சம். பேர் கிடைத்தது, மறந்துவிட்டது. வலி மறக்கவில்லை. ‘அவளுக்குல்ல.’ அந்த ‘ல்ல’தான் முள். அதை எடுத்துவிட்டால் வெறும் தகவல். அதோடு சேர்த்தால் நியாயம் கேட்கிற குரல், தனக்காக யாரோ பரிந்து பேசுகிற குரல்கூட. அப்படியும் வைத்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாத ஒருத்தி, ஒரு வீட்டில் நடந்த ஓரவஞ்சனையை இருபது நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள். வீட்டில் இருக்கிறவர்களுக்கு அதற்கு வருஷங்கள் போதவில்லை.

உள்ளே தங்கை மிருதுளா இருந்தாள். நான்கரை மணிக்குக் கூப்பிட்டார்கள், இப்போது ஐந்தாகப் போகிறது. இன்றைக்குக் கழட்டலாமா வேண்டாமா என்று பார்க்க இவ்வளவு நேரமா? பதினேழு மாதமாக மாதம் ஒருமுறை இந்த நகைக்கடை மாடிக்கு ஏறி வந்து, இதே நீல நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்ச்சுவரில் மாட்டிய முன்னும் பின்னுமான படங்களைப் பார்த்துப் பார்த்து அந்த வாய்களெல்லாம் சாருமதிக்குச் சொந்தக்காரர்களின் வாய்கள் மாதிரி ஆகிவிட்டன. இடது பக்கத்து வாய்கள் எல்லாம் முன்பு, வலது பக்கத்து வாய்கள் எல்லாம் பின்பு. இடது பக்கத்துப் படங்களில் மூன்றாவது வரிசையில் ஒரு வாய் தன்னுடையதைப் போலவே இருக்கும். அந்த வாய்க்கும் வலது பக்கம் ஒன்று இருந்தது. சாருமதி ஒவ்வொரு மாதமும் முதலில் அதைத்தான் பார்ப்பாள், பிறகு பார்க்காத மாதிரி மீன்தொட்டிக்குப் போய்விடுவாள். முதல் தடவை அம்மாவும் வந்திருந்தாள். டாக்டர் ஷெரின், நாகர்கோவில்காரி, சின்னவள் வாயைப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழட்டியபடி, “அக்காவுக்கும் இதே அமைப்புதானே, பெரியவங்களுக்கும் போடலாம் தெரியுமா, வயசு ஒரு தடையே இல்ல” என்று சொன்னாள். அம்மா சிரித்தாள். “இவளுக்கு எதுக்கு டாக்டர் இப்ப” என்றாள். ‘எதுக்கு’ என்று மட்டும் சொல்லியிருந்தால் ஏதோ ஒரு கணக்கில் ஏற்றுக்கொண்டிருக்கலாம். கூட ஒரு ‘இப்ப’. பேருந்து போன பிறகு நிறுத்தத்துக்கு வந்தவளைப் பார்த்துக் கடைக்காரர் சொல்கிற ‘இப்ப’. அப்போது சாருமதிக்கு இருபத்தெட்டு. சின்னவளுக்கு இருபத்தொன்று, கல்லூரி கடைசி வருஷம், வேலைக்கு நேர்முகம் வரும், முகம் முக்கியம் என்று அப்பாவே சொல்லிவிட்டார். அந்தப் பல் அப்பா கொடுத்த பல். அவர் தன்னுடையதை மீசையால் மூடிக்கொண்டார்.

ஆனால் அன்றைக்கு அது வேலைக்கான முகம்தான். கதிரேசன் அப்போது வரவில்லை. கம்பி போட்டு மூன்று மாதம் ஆன பிறகுதான் அவன் வந்தான், அதுவும் சாருமதியைப் பெண் பார்க்க. அதைத்தான் எல்லோரும் மறந்துவிட்டார்கள். பச்சைப் பட்டு, கனகாம்பரம் வேண்டாம் மல்லிகையே போதும் என்று சொன்னது, கண்ணாடி முன் நின்று ‘ம்’ என்று பதில் சொல்லிப் பழகியது. எல்லாவற்றுக்கும் ‘ம்’. வேலைக்குப் போறீங்களா, ம். சமைப்பீங்களா, ம். வாயைத் திறக்காமல் சொல்லக்கூடிய ஒரே பதில் அதுதான். சிரிக்க வேண்டி வந்தால் குனிந்துகொள், வெட்கம்னு நினைச்சுக்குவாக என்று அம்மா சொல்லிக் கொடுத்தாள். எல்லாம் சரியாகத்தான் போனது. அவள் காபித் தட்டைக் கொடுத்தாள், குனிந்தாள், ‘ம்’ என்றாள். அவனுடைய அம்மாவுக்கு விக்கல் எடுத்தது. அந்த விக்கல் எடுக்காமல் இருந்திருந்தால். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அம்மா உள்ளே பார்க்க, அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லி வைத்திருந்த மிருதுளா சொம்போடு ஓடி வந்து, கொடுக்கிற அவசரத்தில் கொஞ்சம் தண்ணீரை அந்த அம்மாவின் மடியிலேயே சிந்தி, “அய்யய்யோ, சாரி ஆன்ட்டி” என்று வாய் நிறையச் சிரித்தாள். வாய் நிறையக் கம்பி. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு மின்னியது. சாருமதி அப்போது குனிந்துகொண்டிருந்தாள், அதனால் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கால்களைத்தான் பார்த்தாள். தன்னைப் பார்த்து நீட்டியிருந்த கால்கள், பாதங்கள் இரண்டும், சத்தமே இல்லாமல் தங்கையின் பக்கம் திரும்பின. மறுநாள் தரகர் போனில் சொன்னதை அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்டார், அவருக்குக் காது மந்தம். “பெரிய பொண்ணு நல்ல அடக்கம்னு சொல்றாக. ஆனா பையன் சின்னதைக் கேக்குறான். அவசரமில்லையாம். வீடு கட்டிக்கிட்டிருக்கான், முடிய ஒரு வருஷமாகும். நீங்களும் அதுக்குள்ள கம்பி கழட்டிருவீக. கழட்டினதும் சொல்லுங்க, முடிச்சிருவோம்.” அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவல் நிற்கவில்லை. அதுதான் சாருமதிக்கு இன்றுவரை கேட்கிறது. ஒரு சுற்றுகூட நிற்காமல் போன அந்தத் துருவல்.

மிருதுளா கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் எவ்வளவோ வசதி. அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது பின்னால் வந்து கட்டிக்கொண்டு, “நான் வேணாம்னு சொல்லிரவாக்கா?” என்று கேட்டாள். அழுதிருந்தாள். சாருமதி கையில் காய்ந்து விறைத்த துண்டை மடித்துக்கொண்டே, “லூசாடி நீ” என்றாள். அப்போது தங்கையின் முகத்தில் அந்த நிம்மதி வந்தது. ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. கேள்வி கேட்கும்போதே எங்கோ பக்கத்தில் செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றிருந்த நிம்மதி. அப்புறம் ஒரு தமாஷ் வேறு. “எனக்குக் கழட்டினதும் இதே கம்பிய உனக்கு மாட்டிரலாம்க்கா, வீணாகாது.” சாருமதியும் சிரித்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு. ரத்தத்தைப் பார்த்தால் அம்மாவுக்கு மயக்கம் வரும், அப்பாவுக்கு மாடி ஏற முடியாது, ஆகையால் மாதாமாதம் கூட வருகிறவள் சாருமதி என்று ஆனது. யாரும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ‘ம்’ என்றுதான் சொல்லியிருப்பாள்.

கைப்பையில் போன் அதிர்ந்தது. எடுப்பதற்கு முன்பே தெரியும், அம்மா. “எங்கடி, உள்ள போயாச்சா?” “அவ உள்ள இருக்காம்மா.” “டாக்டரம்மாகிட்ட கண்டிசனாச் சொல்லு, இன்னிக்கே கழட்டியாகணும்னு. ஞாயித்துக்கெழம பூ வைக்க வாராக. போன மாசம் மாதிரி அடுத்த மாசம் பாப்போம்னு சொன்னா விட்டுட்டு வராத.” “சரிம்மா.” “அப்புறம்…” இந்த ‘அப்புறம்’ எப்போதுமே சும்மா வராது. “ஞாயித்துக்கெழம நீ கொடைரோட்டுச் சித்தி வீட்டுக்குப் போயிட்டு வாயேன். அவளுக்கும் முடியலங்கிறா. நீ இங்க நின்னா உனக்கும் சங்கடம், அவுகளுக்கும் சங்கடம். பெரியவ எங்கன்னு கேட்டா ஏதோ டிரெய்னிங்குன்னு சொல்லிக்கிறேன்.” எதிரே வளையல்கள் சத்தமில்லாமல் இருந்தன, கேட்கிறாள். “சரிம்மா.” “கோவமா?” “இல்லம்மா.” “போறதுக்கு முன்னாடி அந்தப் பச்சப் பட்ட எடுத்து வெளிய வச்சிட்டுப் போ. சின்னவளுக்கு அதுதான் எடுப்பா இருக்கு.” “அவுக பாத்த சேலையாச்சேம்மா.” “அவுக எங்கடி சேலையப் பாத்தாக” என்றாள் அம்மா. போன் வைக்கப்பட்டது. அம்மா கொடுமைக்காரி இல்லை, சும்மா உள்ளதைச் சொன்னாள். உள்ளதைச் சொல்கிறவர்களிடம் கோபித்துக்கொள்ள முடியாது, அதுதான் அவர்களிடம் உள்ள தொந்தரவு. சாருமதி போனைப் பைக்குள் போட்டாள். விரல் அடியில் போய்ப் பிளாஸ்டிக் உறைகளைத் தொட்டது. உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

அந்த உறைகள். நகத்தின் அளவு வளையங்களாக ரப்பர், ஓர் உறைக்கு நூறு. ஒவ்வோர் உறையிலும் ஒரு மிருகத்தின் படம் போட்டிருக்கும். இழுவிசைக்கு ஒரு மிருகமாம். முதலில் முயல் கொடுத்தார்கள், பிறகு நரி, இப்போது கங்காரு. மேலே கோரைப்பல்லின் கொக்கியிலிருந்து கீழே கடைவாய்ப்பல்லின் கொக்கிக்கு இழுத்து மாட்ட வேண்டும், இரண்டு பக்கமும். சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் தவிர எப்போதும் வாயிலேயே இருக்க வேண்டும். கம்பி பல்லை வரிசையில்தான் நிறுத்தும், மேல்வரிசையைப் பின்னால் இழுத்துக் கீழ்வரிசையோடு பூட்டுவது இந்த ரப்பர்தான் என்று டாக்டர் சொன்னாள். மிருதுளாவுக்கு அது கைவரவில்லை. சாருமதிதான் கற்றுக்கொண்டாள். காலையில் பல் தேய்த்ததும் தங்கை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணாந்து வாயைத் திறப்பாள், குஞ்சு மாதிரி. சாருமதி கை கழுவிக்கொண்டு வந்து இரண்டு விரலை உள்ளே விட்டு மாட்டுவாள். கன்னத்தின் உட்புறச் சூடு, எச்சிலின் வழுக்கல், ‘டப்’ என்று விழும் அந்தச் சின்னப் பிடி. சின்ன வயதில் சோறு ஊட்டிய அதே வாய். நான்கு மாதம் ஒருநாள் தவறவில்லை. மேல்வரிசை பின்னால் போவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு மயிரிழை, ஒரு மயிரிழையாக, தன்னுடைய முகத்திலிருந்து தங்கையின் முகம் விலகிப் போவது தெரிந்தது. ஒருநாள் அப்படி மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் கட்டில்மேல் கிடந்த மிருதுளாவின் போனில் வெளிச்சம் வந்தது. ‘இன்னும் எத்தனை மாசம்? கிச்சன் டைல்ஸ் செலக்ட் பண்ணனும், நீதான் சொல்லணும்.’ கூடவே நான்கு டைல்ஸ் படம். மிருதுளா வாயைத் திறந்தபடியே படங்களைத் தள்ளித் தள்ளி அக்காவுக்குக் காட்டி, மூன்றாவதில் விரலை வைத்துப் புருவத்தை உயர்த்தினாள். இதுவா? சாருமதி தலையாட்டினாள். நல்ல நிறம், அழுக்குத் தெரியாது. மறுநாள் காலை கல்லூரிக்கு நேரமாகிவிட்டது என்று தங்கை ஓடியபோது, “ரப்பர்க்கா!” என்று அவளே ஞாபகப்படுத்தியபோது, சாருமதி அடுப்படியிலிருந்து சொன்னாள்: “ஒருநாள் விட்டா ஒண்ணும் ஆகாதுடி.”

அவ்வளவுதான் சொன்னாள். அதில் பொய்கூட இல்லை, ஒருநாள் விட்டால் ஒன்றும் ஆகாதுதான். அதைத்தான் அடுத்த நாளும் சொன்னாள். இன்னிக்கு வாய்ப்புண்ணா இருக்கு, விடு. இன்னிக்குக் கல்யாண வீடு, விடு. சாப்பிட்ட பிறகு மாட்டிக்கலாம், விடு. மிருதுளாவுக்குச் சொல்லவா வேண்டும், ரப்பர் போட்டால் தாடை கடுக்கும், அக்கா வேண்டாம் என்றால் அவளுக்கு விடுமுறை. டாக்டரிடம் போவதற்கு இரண்டு நாள் முன்பு மட்டும் ஒழுங்காக மாட்டினார்கள். மீதி உறைகள் பையின் அடியில் சேர்ந்தன, நரிகளும் கங்காருகளும். டாக்டர் ஒவ்வொரு மாதமும் நெற்றியைச் சுருக்கினாள். “இதுக்குள்ள பூட்டியிருக்கணுமே.” சாருமதி குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரியும். பூட்டுமா பூட்டாதா என்பது டாக்டரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். மாவு புளித்ததா என்று மூடியைத் திறக்காமலே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் இல்லையா, அப்படி. தங்கை கொட்டாவி விடும்போது, கொய்யாவைக் கடிக்கும்போது, கண்ணாடி முன் ‘ஈ’ காட்டும்போது பார்த்துவிடுவாள். மேல்வரிசையின் நடுக்கோடு கீழ்வரிசையின் நடுக்கோட்டோடு சேர வேண்டும், இரண்டும் மூக்கின் நேர்கீழே நிற்க வேண்டும். கடைவாயில் பள்ளத்துக்குள் மேடு போய் உட்கார வேண்டும். மெல்லிய காகிதத்தைக் கடித்துக்கொண்டு இழுத்தால் எந்தப் பக்கமும் நழுவக் கூடாது. அதுவரைக்கும் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாப் பல்லும் வரிசையாக, அழகாக, தயாராகத்தான் தெரியும். அதுதான் ஏமாற்று. தெருவில் எல்லோரும், “இன்னுமா கழட்டல, நல்லாத்தானே இருக்கு” என்று கேட்கும்போது மிருதுளா சிணுங்குவாள். சாருமதி மட்டும் உள்ளே பார்த்திருக்கிறாள். கடைவாயில் மேல்பல்லும் கீழ்பல்லும், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீடுகள் மாதிரி எதிரெதிரே தொடாமல் நிற்பதை. அந்த இடைவெளியை அவள்தான் காப்பாற்றி வைத்திருந்தாள்.

“உங்களுக்கும் பாக்கலாமே பாப்பா” என்றாள் வளையல்காரி திடீரென்று நேராக. “எங்க நாத்தனா மகளுக்கு உங்களவிட மோசம். தேங்கா துருவலாம்னு கேலி பண்ணுவோம். இப்பப் பாத்தா நம்ப மாட்டீக.” கன்னம் வீங்கியவள் கைக்குட்டைக்குள் சிரித்து, வலித்து, “சும்மா இருங்கக்கா” என்றாள். சாருமதி ‘ம்’ என்றாள். “தங்கச்சியா உள்ள இருக்கது? கல்யாணமா?” ‘ம்.’ “உங்களுக்கு எத்தன பிள்ளைக?” இதற்கு ‘ம்’ சொல்ல முடியாது. அந்த நேரத்தில் ரோஸ்லின், “மிருதுளா கூட வந்தவங்க, டாக்டர் கூப்பிடுறாங்க” என்றாள். பதினேழு மாதமாக வருகிறாள், ரோஸ்லினுக்கு அவள் பேர் தெரியாது. கூட வந்தவங்க. பேர் இல்லாததும் ஒரு வசதிதான், இப்போது எழுந்து போகலாம்.

உள்ளே கிராம்பு எண்ணெய் வாசம். மிருதுளா சாய்வு நாற்காலியில் படுத்திருந்தாள். இரண்டு பக்கமும் உதட்டை விரித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை மாட்டியிருந்தார்கள். பல்லும் ஈறும் கம்பியுமாக வாய் முழுக்க வெளியே நின்றது. சிரிக்கிறாளா அலறுகிறாளா என்று கண்ணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கண் சிரித்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். டாக்டர் ஷெரின் சாருமதியை மட்டும் தடுப்புக்கு அந்தப் பக்கம், பல் அச்சுகள் அடுக்கி வைத்திருக்கும் அலமாரிப் பக்கம் கூட்டிப் போனாள். “அவகிட்ட சொன்னா அழுவா. முதல்ல நீங்க கேட்டுக்கோங்க” என்று குரலைத் தாழ்த்தினாள். “தயாராகலை. முன்னால பாக்கதுக்கு நல்லா இருக்கு. பின்னால பூட்டலை. இன்னும் மூணு மாசம், ரப்பர் ஒழுங்காப் போட்டா மூணே மாசம். இப்ப கழட்டினா ஆறு மாசத்தில, மிஞ்சிப் போனா ஒரு வருஷத்தில எல்லாம் பழைய இடத்துக்கு ஓடிடும்.” அலமாரியிலிருந்து வெள்ளை அச்சு ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். “இதுக்கு.” சாருமதி பார்த்தாள். கம்பி போடுவதற்கு முன் எடுத்த அச்சு. அடியில் பென்சிலால் மிருதுளா, 21 என்று எழுதியிருந்தது. முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும் நான்கு மேல்பல், நடுவில் ஒன்று கொஞ்சம் திரும்பி. தினமும் காலையில் தன் நாக்கு போய்த் தொடுகிற அதே விளிம்பு. தன்னுடைய வாயை யாரோ களவாடிச் சுண்ணாம்பில் செய்து தங்கையின் பேரை எழுதி வைத்திருந்தார்கள். “ஒண்ணு கேக்கேன், உண்மையச் சொல்லுங்க” என்றாள் டாக்டர். “ரப்பர் ஒழுங்காப் போட்டாளா?” “போட்டா டாக்டர். நான்தான் தினமும் மாட்டிவிடுவேன்.” டாக்டர் பெருமூச்சு விட்டாள். “சில பேருக்கு எலும்பு அப்படி. நீங்க இல்லன்னா இந்த அளவுக்குக்கூட வந்திருக்காது, அத நான் எப்பவும் சொல்லுவேன். அம்மா போன் பண்ணாங்க, ஞாயித்துக்கிழமை ஃபங்ஷனாமே. இன்னிக்கே கழட்டணும்னு நீங்க சொன்னா கழட்டிடுதேன். ஆனா என் பொறுப்பு இல்லன்னு எழுதித் தரணும். கழட்டின பிறகு பல்லு நகராம பிடிச்சு வைக்கதுக்கு ரிடெய்னர்னு ஒண்ணு தருவேன், அத ராப்பகலா போட்டே ஆகணும். போடுவாளா? யோசிச்சுச் சொல்லுங்க.” அறுவை விளக்கைச் சரிசெய்ய உதவியாளர் கூப்பிட, டாக்டர் அந்தப் பக்கம் போனாள்.

யோசிக்க என்ன இருக்கிறது? மூன்று மாதம் என்று போய்ச் சொல்ல வேண்டியதுதான். முதல்முறையாக உண்மை அவள் பக்கம் நின்றது. எந்தப் பொய்யும் சொல்லாமல், யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்த்து, டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க என்று சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வர மாட்டார்கள். கொடைரோட்டுக்குப் போக வேண்டாம். பச்சைப் பட்டு பீரோவிலேயே இருக்கும். வீடு கட்டி முடித்து டைல்ஸும் பதித்துவிட்டவன் இன்னும் மூன்று மாதம் பொறுப்பானா, அவன் அம்மா பொறுப்பாளா, தரகரின் பையில் வேறு ஜாதகம் இல்லையா. தங்கையின் பல்லுக்கும் அதுதான் நல்லது. தங்கைக்கு நல்லது, தனக்கும் நல்லது, இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருவது இதுதான் முதல் தடவை. பதினொரு மாதமாக ஒவ்வொரு காலையிலும் அடுப்படியிலிருந்து அவள் வேண்டிக்கொண்டது இதைத்தானே. அப்படியென்றால் ஏன் அது இவ்வளவு சப்பென்று இருக்கிறது? ஆமாம், சப்பென்றுதான் இருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு? அம்மா இனிமேல் தானே ரப்பர் போடவைப்பாள், பிரம்பை வைத்துக்கொண்டாவது போடவைப்பாள். பூட்டிவிடும். கடைவாயில் மேடும் பள்ளமும் சேர்ந்து, காகிதம் நழுவாமல், நடுக்கோடு மூக்கின் நேர்கீழே நிற்க, வலது பக்கத்துப் படமாக மிருதுளா எழுந்து வருவாள். இவன் போனால் இன்னொருத்தன். எப்போதைக்குமாகத் தயாராகிவிடுவாள். கையிலிருந்த அச்சின் விளிம்பைச் சாருமதி கட்டைவிரலால் தடவினாள். சுண்ணாம்பு விரலில் ஒட்டியது. ஆறு மாதம். மிஞ்சிப் போனால் ஒரு வருஷம். தையில் கல்யாணம் என்றால் ஆடிக்குள். அந்தப் புது வீட்டில், அழுக்குத் தெரியாத அந்த டைல்ஸ் பதித்த அடுப்படியில், ஒருநாள் தட்டைப் போட்டுச் சோறு வைக்கும்போது மிருதுளா எதற்கோ வாய் நிறையச் சிரிப்பாள். அவன் நிமிர்ந்து பார்ப்பான். எந்த வாயை விட்டுக் காலைத் திருப்பிக்கொண்டானோ அந்த வாய் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டு நிற்கும். அப்போதும் அந்தக் கால்கள் திரும்புமா? எந்தப் பக்கம் திரும்பும்? அப்புறம் மிருதுளா சிரிப்பதற்கு முன் கையைத் தூக்கக் கற்றுக்கொள்வாள். உதட்டை இழுக்கக் கற்றுக்கொள்வாள். மூக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் அந்த வலி வந்து உட்காரும், அதற்கு என்ன பேர் என்று அக்காவுக்குப் போன் செய்து கேட்பாள். வேண்டாம், அவள் குழந்தை, அந்த வலி அவளுக்கு வேண்டாம் என்று ஒரு நினைப்பு எழுந்தது. உண்மையாகவே எழுந்தது. அது அடங்குவதற்குள் தேங்காய்த் துருவல் சத்தம் கேட்டது, நிற்காமல்.

தடுப்பைத் தாண்டி நாற்காலிப் பக்கம் போனாள். மிருதுளாவின் கண்கள் அவள் முகத்தில் தாவின. “அ… ஆ?” என்றாள் வளையத்துக்குள்ளிருந்து. அக்கா, ஆச்சா. சாருமதி அவள் காதோரம் குனிந்து, கலைந்திருந்த தங்கையின் முன்நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, “ஆச்சுடி. தயாராயிடுச்சாம். இன்னிக்கே கழட்டிருவாங்க” என்றாள். வாய் ஏற்கெனவே விரிந்திருந்ததால் சிரிப்புக்கு அங்கே இடமில்லை, அது கண் வழியாக வந்து காதுப்பக்கம் வழிந்து நாற்காலியின் ரெக்சினில் விழுந்தது. கையைப் பிடித்து அழுத்தினாள். சூடான கை. டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே, “கழட்டிடவா? ரிடெய்னர் போடவைக்கது யாரு?” என்று கேட்டாள். “நான் பாத்துக்கிறேன் டாக்டர்.” ரோஸ்லின் அட்டையில் செருகிய படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். சிகிச்சை முடிவதற்கு முன்பே, விளைவுகளை அறிந்து, எங்கள் விருப்பத்தின் பேரில் என்று நான்கு வரி அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே பேர், உறவுமுறை, கையெழுத்து என்று மூன்று புள்ளிக்கோடுகள். சாருமதி விரலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுடிதாரில் துடைத்தாள். பேனாவை வாங்கி, முதல் கோட்டில் தன் பேரை எழுதினாள். இரண்டாவது கோட்டில், எழுத்து குறுகாமல், அக்கா என்று எழுதினாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.